கைத்துப்பாக்கிக்கு ரவைத் தோட்டா: அதன் பயனும் அளவும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் டெக்ஸாஸ், அரிஸோனா முதலிய மாகாணங்களில் மாட்டுப் பண்ணை வைத்திருப்போர் பலர், வேலி பார்க்கச் செல்லும்போது இடுப்பில் கைத்துப்பாக்கி தரித்துச் செல்வதுண்டு. வாலை ஆட்டி ஓசை செய்யும் கிலுகிலுப்பைப் பாம்பு என்னும் விஷ ஜந்து அப்பிரதேசங்களில் மிகுதி. அதன் பொருட்டு ஒற்றைக் குண்டுத் தோட்டாவுக்குப் பதிலாகச் சிறு ஈய ரவைகள் அடைத்த தோட்டாவை அவர்கள் உபயோகிக்கின்றனர். இத்தோட்டா எவ்வளவு தூரம் உதவும், அதை வீட்டில் அடைத்துக்கொள்வது லாபமா என்பவை ஆராயத்தக்கவை.

பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி தரும் கேப்பு, அதன்மேல் வெடிமருந்து, மருந்தையும் ரவையையும் பிரிக்கும் தக்கை, ரவைகள் என்பனவே இதன் உறுப்புகளாம். தற்காலத்தில் ரவைகளை மெல்லிய பிளாஸ்டிக் குப்பியில் இட்டுக் கூட்டின் வாயில் பொருத்துகின்றனர். சுட்டவுடன் குப்பி உடைந்து ரவைகள் சிதறும். ரவையின் நம்பர் கூடக் கூட அதன் பருமன் குறையும். அந்நாட்டுக் கணக்குப்படி, 17-லிருந்து நம்பரைக் கழித்தால் வருவது, அங்குலத்தில் நூற்றில் எத்தனை பங்கு என்பதாகும். ஆகவே 9-ஆம் நம்பர் ரவையின் குறுக்களவு 0.08 அங்குலம், 12-ஆம் நம்பருக்கு 0.05 அங்குலம்.

இது புதிய ஏற்பாடன்று. லெமாட் என்பவர் 1856-இல் காப்புரிமை பெற்ற ரிவால்வரில், ஒன்பது குண்டுகளோடு ரவை சுடுவதற்கென நடுவில் தனிக்குழலும் இருந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டு யுத்தத்தில் தென்னாட்டுப் படையினர் அதை உபயோகித்தனர். இரண்டாவது உலக யுத்தத்தில், விமானம் வீழ்ந்து காட்டில் அகப்படும் அமெரிக்க வீரர் சிறு பிராணிகளைச் சுட்டு உண்பதற்காக, .45 கைத்துப்பாக்கிக்கு ரவைத் தோட்டா செய்யப்பட்டது.

இத்தோட்டாவின் குறை குழலில் உள்ளது. ஒற்றைக் குண்டு நேராகச் செல்லும்பொருட்டுக் கைத்துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் திருகு போன்ற புரிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. அப்புரிகள் ரவைக் கூட்டத்தையும் சுழற்றுவதால், குழலைவிட்டு வெளிவந்ததும் ரவைகள் நாற்புறமும் விலகிப் போகின்றன. புரியில்லாத குழலுடன் ரவை சுடுவதற்கென்றே செய்த கைத்துப்பாக்கியை 1934-ஆம் வருஷத்துத் தேசியத் துப்பாக்கிச் சட்டம் பதிவுக்கும் வரிக்கும் உட்படுத்தியதால், பெரும்பாலோர் புரிக்குழலையே உபயோகிக்கின்றனர். அன்றியும், .38 தோட்டாவில் அடங்கும் ரவை ஏறக்குறைய 7 கிராமே. பன்னிரண்டு போர் நீளத் துப்பாக்கித் தோட்டாவிலோ சாதாரணமாக 32 கிராம் இருக்கும். இக்காரணங்களால் இது பத்து அடிக்குள்தான் நம்பத்தக்கது.

கடையில் தோட்டா கிடைக்காதபோதும் விலை ஏறியபோதும் வீட்டில் அடைத்துக்கொள்ளும் எண்ணம் எழுகிறது. 2020-ஆம் வருஷத்தில் அந்நாட்டில் தோட்டாவுக்குப் பெரும் பஞ்சம் நேர்ந்தது. ஆயினும் அப்போது கேப்பும் அருகிவிட்டதால், அடைப்பவர்களும் கை பிசைந்து நின்றனர். பித்தளைக் கூட்டைப் பன்முறை உபயோகிக்கலாம் என்பது மெய்யே. ஆனால் மருந்தைக் கண்மதிப்பாக இட்டால் துப்பாக்கி வெடித்துக் கையும் கண்ணும் போகும். மருந்து செய்வோர் வெளியிட்ட அளவை அணுவளவும் மீறலாகாது. கூட்டின் வாயைச் சரியாக இறுக்காவிடில், ஒரு தோட்டா சுடும் அதிர்ச்சியில் மற்றத் தோட்டாக்களின் குப்பி முன்னே நகர்ந்து ரிவால்வரின் உருளையைச் சுழலவொட்டாமல் தடுக்கும். தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியிலோ, ரவைத் தோட்டாவின் உதைப்பு போதாமல் அவ்வேலை நின்றுபோவதும் உண்டு. ஈயம் விஷமாதலால், அதைத் தொட்ட கையைக் கழுவாமல் உண்ணலாகாது; குழந்தைகளை அருகில் விடலாகாது.

இனி, முக்கியமான விஷயம் யாதெனில், பாம்புக்குப் பத்தடி தூரத்தில் நிற்பவன் துப்பாக்கி இல்லாமலே தப்பலாம். கிலுகிலுப்பைப் பாம்பு சாதாரணமாகத் தன் உடல் நீளத்தில் பாதியளவே பாய்ந்து கடிக்கும். விலகிச் செல்பவனை அது துரத்துவதில்லை. அவ்வமெரிக்க நாட்டில் வருஷந்தோறும் ஏழாயிரம் முதல் எட்டாயிரம் பேர் விஷப்பாம்பால் கடிபட்டு, சுமார் ஐந்து பேர் இறப்பதாகச் சுகாதார இலாகாவினர் மதிப்பிடுகின்றனர். பாம்பைக் கொல்லவோ பிடிக்கவோ நெருங்கிச் சென்று கடிபட்டவர்களும் இவர்களில் உண்டு. சுட்ட ரவை பாறையில் பட்டுத் திரும்பிச் சுட்டவனையே தாக்குவதும் கூடும். மேலும் பாம்பு எலியைத் தின்று தானியத்தைக் காப்பது. டெக்ஸாஸில் ஒருவகைக் கிலுகிலுப்பைப் பாம்பைக் கொல்வது சட்டத்தாலும் தடுக்கப்பட்டுள்ளது. ஆகையால் விலகிச் செல்ல இயலாத இடத்தில், அதாவது குழந்தைகள் நடமாடும் முற்றம், கன்று கட்டிய கொட்டில் போன்றவற்றில் மட்டுமே இத்தோட்டாவுக்கு வேலை உண்டு எனலாம்.

இந்தியாவில் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்வது குற்றமாம். ஆதலால் இவ்வேலை இங்கு எவரும் பரீட்சை பார்க்கத்தக்கதன்று. இரவில் கைவிளக்கு, காலில் செருப்பு அல்லது பூட்ஸ், வீட்டைச் சுற்றிக் குப்பையும் விறகுக் குவியலும் இல்லாத சுத்தம், கடிபட்டால் கீறாமலும் இறுகக் கட்டாமலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் ஆகிய இவையே அங்கும் இங்கும் உயிரைக் காப்பவை. இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம். சங்கத்து அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் இது கைகூடும்.