பாட்டரி யந்திரங்களின் மோட்டாரும் டயோடும்

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையிலுள்ள பிரதேசத்தில், 1998-ஆம் வருஷம் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் கார் உற்பத்தி தொடங்கியது முதலாக, ஏரிப்பாசன நிலங்களுக்கிடையே தொழிற்சாலைகள் பல ஏற்பட்டுள்ளன. தொழிற்சாலைகளில் பாட்டரியால் ஓடும் துளைக்கருவிகள் எவ்வளவு சாதாரணமோ, அவ்வளவு சாதாரணமாக அடுத்த வயலில் பாட்டரித் தெளிப்பானும் வழங்கி வருகிறது. இவ்விரண்டிலும் மோட்டாரைச் சார்ந்த பாகங்களைக் காப்பது டயோடு என்னும் சிறு உறுப்பாகும்.

பம்புசெட்டுக் குழாயில் நீர் வேகமாய் ஓடுங்கால் வால்வைத் திடீரென மூடினால் குழாய் அதிர்வதை விவசாயிகள் அறிவர். மோட்டாரின் செம்புச் சுருளில் ஓடும் மின்சாரத்திற்கும் அத்தகைய வேகம் உண்டு. சுவிட்சை விட்டவுடன் அது நிற்க மனமின்றி, 12 வோல்ட் பாட்டரியிலிருந்து வந்ததாயினும், ஒரு கணம் சில நூறு வோல்ட் வரை உயர்ந்து, சுவிட்சின் முனைகளில் பொறியாய்ப் பாயும். தெளிப்பானிலோ, குழல்முனையை மூடுந்தோறும் அழுத்த சுவிட்சு மோட்டாரை நிறுத்துவதால், இத்தீங்கு நாளொன்றுக்குப் பன்முறை நேரும்.

டயோடு மின்சாரத்தை ஒரு திசையிலேயே விடும். அதனை மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே, வெள்ளைக் கோடுள்ள பக்கம் பாட்டரியின் கூட்டல் முனையைச் சார இணைத்தால், மோட்டார் ஓடுகையில் அது சும்மா இருக்கும்; நிறுத்துகையில் மிச்ச மின்சாரம் அதன் வழியே சுற்றி அடங்கும். முன்னும் பின்னும் சுழலும் துளைக்கருவியில் இவ்வாறு மோட்டாரின் மீதே வைத்தலாகாது. திசை மாற்றும் சுவிட்சுக்கு முன்னரே வைத்தல் வேண்டும்.

டயோடு பழுதாகி இருபுறமும் மின்சாரத்தை விடுமாயின் பியூஸ் எரியும். அப்பொழுது பழுதுபார்ப்போர் சிலர் அதனை வெட்டியெறிந்துவிடுகின்றனர். யந்திரம் உடனே ஓடுவதால் உரியவரும் மகிழ்ந்து கூலி கொடுத்துச் செல்வார். சுவிட்சின் முனைகள் நாளடைவில் கருகி, பூச்சி மிகுந்த பருவத்தில் தெளிப்பான் நின்றுவிடும். சில ரூபாய்ப் பொருளை மிச்சப்படுத்திய பலன் இதுவே. திசை மாற்றிப் பொருத்தினாலும் பியூஸ் எரியும் என்பதை நினைவிற் கொள்க.

சோதிக்குங்கால் டயோடின் ஒரு காலைக் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் மோட்டார்ச் சுருளின் வழியே மின்சாரம் சென்று தவறான முடிவைக் காட்டும். மீட்டரில் ஒரு திசையில் ஏறக்குறைய 0.6 வோல்ட் காட்டி, மறு திசையில் ஒன்றுமில்லையாயின் அது நல்லது. புதியது, மோட்டார் இழுக்கும் ஆம்பியருக்குக் குறையாததாய் இருத்தல் அவசியம். கிராமத்தின் பொதுத் தெளிப்பான்களுக்குப் பொறுப்பான உத்தியோகஸ்தர்கள், பழுதுபார்த்து வந்த யந்திரத்தைப் பெறுமுன் மூடியைத் திறந்து டயோடு இருக்கிறதா எனப் பார்த்துக் கொள்வாராக.