இரவில் நாய்க்கு வலி வந்தால்...

இரவு 11 மணி. செங்காங்கில் ஒரு வீவக வீடு. மாலைவரை துள்ளிக்கொண்டிருந்த நாய் மூச்சிரைக்க நிற்கிறது. படுக்கப் பார்க்கிறது, முடியாமல் எழுகிறது. வயிற்றைத் தொட்டால் முனகுகிறது. மனிதருக்கென்றால் செங்காங் பொது மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. நாய்க்கு?

நாய்க்குப் பலதுறை மருந்தகம் இல்லை, மெடிசேவும் உதவாது. விலங்கு மருந்தகங்கள் பெரும்பாலும் தனியாருடையவை. இரவில் திறந்திருப்பவை குறைவு, கட்டணமும் பகலைவிடக் கூடுதல். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, ஊசி எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டணம். அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரி. இதையெல்லாம் நினைத்துத்தான் சிலரின் கை பனடோல் பெட்டியைத் தேடுகிறது.

அதை மட்டும் செய்யாதீர்கள். பாரசிட்டமால் நாயின் கல்லீரலைப் பாதிக்கும். ஆக்சிஜனைச் சுமக்கும் ரத்தத்தின் திறனையும் குறைக்கும். இபுபுரோஃபென் இரைப்பையில் புண்ணை உண்டாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதன்பிறகு, நாய்களுக்கான வலி மருந்தைக் கொடுக்க மருத்துவரே யோசிக்க வேண்டியிருக்கும். வலிக்காகப் போன இடத்தில் நஞ்சுக்கும் சிகிச்சை, அதற்கும் பணம். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பாயசத்தில் கிடந்த உலர்திராட்சையை நாய் தின்றிருந்தாலும் சொல்லுங்கள். அது சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும்.

எல்லா வலிக்கும் நள்ளிரவில் ஓட வேண்டியதில்லை. நொண்டுகிறது, ஆனால் சாப்பிடுகிறது. காதைச் சொறிந்துகொண்டே இருக்கிறது என்றால், மருந்தகத்துக்குத் தொலைபேசியில் விவரம் சொல்லி, காலைவரை பொறுக்கலாமா என்று கேட்கலாம். வயிறு உப்பி, வாந்தியெடுக்க முயன்றும் எதுவும் வரவில்லை என்றால் பொறுக்கக் கூடாது. இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். சிறுநீர் வராமல் தவிப்பது, பின்னங்கால்கள் திடீரென விழுந்துவிடுவது, ஈறு வெளுப்பது, ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடிக்கும் வலிப்பு ஆகியவையும் அப்படித்தான்.

பலருக்கும் கடினமாக இருப்பது பணப் பேச்சு. பிள்ளைபோல வளர்த்துவிட்டு “எவ்வளவு ஆகும்?” என்று கேட்பது நமக்குக் கூச்சம். ஆனால், கேட்காவிட்டால் மருத்துவருக்கு எப்படித் தெரியும்? புறப்படும் முன்பே இரவுக் கட்டணத்தை விசாரியுங்கள். போனதும், “எங்களால் இவ்வளவுதான் முடியும். முதலில் வலியைக் குறையுங்கள். இன்றே செய்ய வேண்டியது எது, நாளை வழக்கமான மருந்தகத்தில் செய்யக்கூடியது எது?” என்று கேளுங்கள். செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். தவணையில் கட்டலாமா என்றும் கேட்டுப் பாருங்கள். நாயின் நிலை சீராக இருந்தால், சிகிச்சையைப் படிப்படியாகச் செய்ய முடியும்.

வசதி குறைந்த குடும்பங்கள், சுங்கை தெங்காவில் இருக்கும் எஸ்பிசிஏ எனும் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் மருந்தகத்தில் விசாரிக்கலாம். முன்கூட்டியே அழைத்துப் பேசுவது நல்லது; செங்காங்கிலிருந்து அது தீவின் மறுபக்கம். வழிகாட்டி நாய்களைத் தவிர மற்ற நாய்களை ரயிலில் ஏற்ற முடியாது என்பதால், செல்லப்பிராணிகளை ஏற்றும் வாடகை வண்டிக்கும் பணம் எடுத்துவைக்க வேண்டும்.

காப்புறுதி உண்டுதான். ஆனால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அது பொதுவாகக் கைகொடுக்காது. நாய் ஆரோக்கியமாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். அதுவரை, இரவு மருந்தகம் ஒன்றின் எண்ணையும் நாயின் எடையையும் இன்றே கைப்பேசியில் குறித்துவையுங்கள். அழைக்கும்போது எடையையும் கேட்கக்கூடும்.