டீசல் மகிழுந்தும் கலப்பு மகிழுந்தும்

அறிவியல் வளர்ச்சியின் பயனாக மனிதன் பெற்ற வசதிகள் பலவாகும். அவற்றுள் மகிழுந்தும் ஒன்று. பெட்ரோலிலும் டீசலிலும் ஓடும் மகிழுந்துகளை நாம் நெடுங்காலமாகக் கண்டு வருகிறோம். இக்காலத்தில் பெட்ரோல் இயந்திரமும் மின்மோட்டாரும் ஒருங்கே அமைந்த கலப்பு மகிழுந்துகளும் சாலைகளில் ஓடுகின்றன. அவற்றுள், வெளியிலிருந்து மின்கம்பியைப் பொருத்தி மின்னேற்றிக்கொள்ளத்தக்க வகையைப் 'பிளக்-இன் ஹைபிரிட்' என்பர். இவ்வகை மகிழுந்தும் ஒரு டீசல் மகிழுந்தும் ஒரே கோட்டிலிருந்து புறப்பட்டால் எது முந்தும்? ஏன் முந்தும்? மாணவர்களே, இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

முதலில் முடுக்கம் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். வேகம் வேறு, முடுக்கம் வேறு. ஒரு வண்டி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதைக் காட்டுவது வேகம். அவ்வேகம் ஒவ்வொரு வினாடியும் எவ்வளவு கூடுகிறது என்பதைக் காட்டுவது முடுக்கம். தள்ளும் விசை மிகுந்தால் முடுக்கம் மிகும். எடை மிகுந்தால் முடுக்கம் குறையும். தனியே மிதிவண்டி ஓட்டும்போது எளிதில் விரைகிறோம். பின்னால் தம்பியை ஏற்றிக்கொண்டால் அவ்வாறு விரைய முடிவதில்லை. மகிழுந்துக்கும் இதே விதிதான்.

இனி, உண்மையான இரு வண்டிகளை ஒப்பிடுவோம். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஒரே வடிவில் இருவகை மகிழுந்துகளை விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஒன்று 320டி என்னும் டீசல் வண்டி. அதன் திறன் 190 குதிரைத்திறன். மற்றொன்று 330இ என்னும் கலப்பு வண்டி. இவ்வண்டி நம் நாட்டில் கூலிம் நகரிலும் பொருத்தப்பட்டது. அதன் பெட்ரோல் இயந்திரத்தின் திறன் 184 குதிரைத்திறன். மின்மோட்டாரும் சேர்ந்து உழைக்கும்போது, பத்து வினாடிகள் வரை, மொத்தத் திறன் 292 குதிரைத்திறனாக உயரும். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட டீசல் வண்டிக்கு 6.8 வினாடிகள் ஆகின்றன. கலப்பு வண்டிக்கு 5.9 வினாடிகளே போதும். கணக்கிட்டுப் பார்த்தால், டீசல் வண்டியின் வேகம் வினாடிக்கு வினாடி ஏறத்தாழ 4.1 மீட்டரும், கலப்பு வண்டியின் வேகம் ஏறத்தாழ 4.7 மீட்டரும் கூடுகின்றன.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? ருடால்ஃப் டீசல் என்னும் பொறியியலாளர் 1897ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் தம் இயந்திரத்தை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். அதில் காற்று மிகவும் அழுத்தப்பட்டுக் கடும் வெப்பம் அடைகிறது. அக்காற்றில் தெளிக்கப்படும் டீசல் தீப்பொறியின் உதவியின்றித் தானே பற்றிக்கொள்கிறது. இவ்வியந்திரத்தின் இழுவிசை பெரிது. ஆயினும், தன் முழு விசையைத் தர அது போதிய அளவு சுழல வேண்டும். 320டி வண்டியின் இயந்திரம் நிமிடத்திற்கு 1,750 முறை சுழலும்போதுதான் அதன் முறுக்குவிசை உச்சத்தை அடைகிறது. மேலும், காற்றை உள்ளே தள்ளும் டர்போ என்னும் கருவியைச் சுழற்றுவது இயந்திரம் வெளிவிடும் புகையே. புறப்படும்போது புகை குறைவு. ஆதலால் டர்போ விசைகொள்ளச் சிறிது நேரம் பிடிக்கிறது.

மின்மோட்டாரின் இயல்பு வேறு. மின்சாரம் பாய்ந்தவுடன் காந்தவிசை தோன்றுகிறது. ஆகவே, சக்கரம் சுழலத் தொடங்கும் அந்த நொடியிலேயே மின்மோட்டார் தன் முழு முறுக்குவிசையைத் தந்துவிடும். பெட்ரோல் இயந்திரம் விசை திரட்டும் வரையில் மின்மோட்டார் வண்டியை உந்தித் தள்ளுகிறது. கலப்பு வண்டி முந்துவதன் மருமம் இதுவே.

எனினும், டீசல் வண்டியைத் தாழ்வாக எண்ணலாகாது. மின்கலமும் மோட்டாரும் சேர்வதால் கலப்பு வண்டி, டீசல் வண்டியைவிட 200 கிலோகிராமுக்கும் மேல் கூடுதல் எடை கொண்டது. அதன் மின்கலம் 12 கிலோவாட் மணி மின்னாற்றலைக் கொள்ளும். இவ்வாற்றல் ஒன்றேகால் லிட்டர் டீசலில் அடங்கியுள்ள ஆற்றலுக்கு ஏறத்தாழ ஈடாகும். மின்மோட்டார் ஆற்றலை வீணாக்குவது மிகக் குறைவே. ஆயினும் சேமிப்பு சிறிது. மின்சாரம் குறைந்தால் மோட்டாரின் துணையும் குறையும். பெட்ரோல் இயந்திரம் அக்கூடுதல் எடையையும் சுமந்து ஓட வேண்டியதாகும். டீசல் வண்டியோ, கலத்தில் எண்ணெய் உள்ளவரை ஒரே சீராக இழுத்துச் செல்லும். நெடுந்தொலைவுப் பயணத்திற்கு அது ஏற்றது. குறுகிய தொலைவு சென்று நாள்தோறும் மின்னேற்றிக்கொள்ள இயலுமாயின் கலப்பு வண்டி ஏற்றது.

மாணவர்களே, இச்செய்தி வண்டி வாங்குவோருக்கு மட்டும் உரியதன்று. சாலையைக் கடக்கும் நமக்கும் உரியது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் டீசல் வண்டி நின்றாலும் உறுமும். அதன் ஓசையே நம்மை எச்சரிக்கும். கலப்பு வண்டி நிற்கும்போது இயந்திரம் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். மெல்லப் புறப்படும்போதும் மின்மோட்டார் மட்டுமே இயங்கக்கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021ஆம் ஆண்டு சூலை முதல் புதிய மின்சார, கலப்பு மகிழுந்துகள் யாவும் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரை எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டும் என விதிக்கப்பட்டது. ஆயினும், நிற்கும் வண்டிக்கு அவ்வொலி கட்டாயமன்று.

மேலே கண்ட கணக்கின்படி, முழு விசையுடன் புறப்படும் கலப்பு வண்டி மூன்றே வினாடிகளில் 21 மீட்டர் தொலைவைக் கடந்துவிடும். அப்போது அதன் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டராகும். மூன்று வினாடிகளில் நாம் சாலையை முழுவதும் கடந்திருக்க மாட்டோம்.

ஆகவே, பள்ளி வாயிலில் ஓசை கேட்கவில்லை என்பதால் வண்டி வரவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. செவியை மட்டும் நம்பாமல், வலமும் இடமும் மீண்டும் வலமும் கண்ணால் நோக்கிய பின்னரே சாலையைக் கடக்க வேண்டும். அறிவியல் தரும் நன்மைகளைத் துய்ப்போம். அதன் இயல்பை அறிந்து விழிப்புடன் நடப்போமாக!