சூடும் குளிர்ச்சியும் பிளக்கும் இரும்பு

பழைய அம்பாசடரைக் காலையில் கிளப்பியதும் பானெட்டுக்குள்ளிருந்து சில சமயம் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வரும். கொஞ்ச தூரம் ஓடியதும் அடங்கிவிடும். வால்வுகளை இயக்கும் டேப்பெட்டின் சத்தம் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால், இன்ஜின் சூடேறச் சூடேறக் குறைகிற சத்தம் என்றால் முதலில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பார்க்க வேண்டும். அதில் விரிசல் விட்டிருந்தால், இரும்பு சூட்டில் விரியும்போது பிளவின் விளிம்புகள் நெருங்கிக் கசிவு குறையும்; குளிர்ந்ததும் பிளவு மீண்டும் வாய் திறக்கும். அந்த இடத்தைச் சுற்றிக் கரி படிந்திருப்பதும் முக்கியமான தடயம்.

சிலிண்டர்களில் எரிந்த வாயுவை ஒன்றாகச் சேர்த்து சைலன்சர் குழாய்க்கு அனுப்புவது மேனிஃபோல்டின் வேலை. பாரம் ஏற்றிக்கொண்டு மேடேறும்போது பெட்ரோல் இன்ஜினின் புகை 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இந்தச் சூட்டைத் தாங்குவதற்காகவும், வளைந்த குழாய்களை ஒரே வார்ப்பில் எளிதாகச் செய்வதற்காகவும் வார்ப்பிரும்பைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் 2.5 முதல் 4 சதவீதம் வரை கார்பன் இருக்கிறது. அந்த கார்பனின் பெரும்பகுதி, பென்சில் முனையில் உள்ள அதே கிராஃபைட்டாக, மெல்லிய செதில்களாக இரும்புக்குள் பரவி நிற்கிறது. தபால்தலைத் தாளின் துளைவரிசை போல, இழுவிசை வரும்போது பிளவு ஓடுவதற்கு இந்தச் செதில்கள் பாதை போட்டுக் கொடுக்கின்றன. அதனால்தான் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும் வார்ப்பிரும்பு, இழுத்தால் விட்டுவிடுகிறது.

இழுவிசை எங்கிருந்து வருகிறது? அரை மீட்டர் நீள வார்ப்பிரும்பின் வெப்பநிலை 600 டிகிரி உயர்ந்தால், அது சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். அது பூட்டப்பட்டிருக்கும் சிலிண்டர் ஹெட்டைத் தண்ணீர் குளிர்விக்கிறது. அதனால் ஹெட் அரை மில்லிமீட்டர்கூட நீளாது. நீள இடமில்லாத மேனிஃபோல்டு, சூட்டில் இளகிய நிலையில் தனக்குள்ளேயே அமுங்கிக் குறுகுகிறது. ஆறும்போது மேலும் சுருங்கப் பார்க்கிறது, போல்ட்டுகள் விடுவதில்லை. ஆயிரக்கணக்கான முறை இப்படி நடந்தபின் ஒருநாள் இரும்பு பிளக்கிறது. தேங்கிய மழைநீர் சூடான மேனிஃபோல்டில் தெறித்தால் அந்த நாள் சீக்கிரமே வந்துவிடும்.

“காஸ்ட் அயர்ன்ல வெல்டிங் நிக்காது” என்று சொல்பவர்கள் உண்டு. அதற்குப் பழைய உதாரணம் ஒன்றே பதில் சொல்லும். 1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கி, தன் துறைமுகங்களில் நின்ற ஜெர்மானியக் கப்பல்களைக் கைப்பற்றியது. அதற்கு முன்பே கப்பல் ஊழியர்கள் பல கப்பல்களின் வார்ப்பிரும்பு சிலிண்டர்களை உடைத்து வைத்திருந்தார்கள். புதிதாக வார்த்தால் நெடுங்காலம் ஆகும் என்பதால், அமெரிக்கக் கடற்படை உடைந்தவற்றை மின்சார வெல்டிங் மூலம் ஒட்டியது. சில மாதங்களில் அந்தக் கப்பல்கள் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு பிரான்ஸுக்குப் புறப்பட்டன. முறை தெரிந்து செய்தால் வெல்டிங் நிற்கும்.

சாதாரண வெல்டிங் ராடைப் போட்டு அவசரமாக ஒட்டினால் என்ன ஆகும்? உருகிய உலோகம் வார்ப்பிரும்பின் கார்பனை உறிஞ்சிக்கொண்டு வேகமாக ஆறும். அந்த வேகத்தில் கார்பன் கிராஃபைட்டாகப் பிரிய முடியாமல், இரும்போடு சேர்ந்து கண்ணாடிபோல் நொறுங்கும் கார்பைடாக மாறும். ஒட்டிய இடத்தை ஒட்டியே புதிய விரிசல் ஓடும். இதைத் தவிர்க்கவே நிக்கல் ராடு. நிக்கல் கார்பனோடு அப்படிச் சேராது. மென்மையாக இருந்து சுருக்கத்துக்கு வளைந்துகொடுக்கும்.

வேலை சுத்தத்தில் தொடங்குகிறது. எண்ணெயையும் கரியையும் முழுவதும் நீக்க வேண்டும். சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, மேலே வெள்ளைப் பூச்சு அடித்தால் விரிசல் எதுவரை போகிறது என்பது சிவப்புக் கோடாகத் தெரியும். அதன் இரு முனைகளிலும் சிறு துளை போட்டால் விரிசல் மேலும் ஓடாது. பிறகு பிளவு நெடுக ‘வி’ வடிவத்தில் கிரைண்டரால் பள்ளம் எடுக்க வேண்டும்.

அடுத்து இரண்டு வழிகள். மேனிஃபோல்டு முழுவதையும் சீராகச் சூடேற்றி வெல்டிங் செய்து, மணலிலோ சாம்பலிலோ புதைத்து மெதுவாக ஆறவிடலாம். அல்லது சூடேற்றாமல், ஓர் அங்குலத்துக்கு மேல் போகாமல் துண்டு துண்டாக ஒட்டி, ஒவ்வொன்றையும் சூடு இருக்கும்போதே சுத்தியலால் லேசாகத் தட்டி, கை வைக்கும் அளவுக்கு ஆறியபின் அடுத்ததைத் தொடலாம். எந்த வழியிலும் தண்ணீர் ஊற்றி ஆறவைக்கவே கூடாது. பித்தளை வைத்து ஒட்டினால், மேனிஃபோல்டின் சூட்டில் ஒட்டு பலம் இழக்கும். எபாக்சிப் பசை கருகிப்போகும்.

திரும்பப் பூட்டுவதற்கு முன் ஹெட்டில் உட்காரும் முகம் சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோணியிருந்தால் சமமாகச் சீவிய பிறகே புது கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரங்களை நோக்கிப் படிப்படியாக முறுக்க வேண்டும். இரும்பு உள்வரை அரித்துச் செதில் செதிலாக உதிர்ந்தால் வெல்டிங் வீண். வேறு மேனிஃபோல்டுதான் வழி.

அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. அதனால் பழைய பாகத்தைக் காப்பாற்றுவது நியாயமான காரியம். கசிவோடு ஓட்டுவது நியாயமல்ல. கசியும் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் உறுதியாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். வண்டிக்குள் தலைவலியோ குமட்டலோ வந்தால் உடனே நிறுத்தி வெளியே வந்துவிடுங்கள். பட்டறைக்குப் போனால், எந்த ராடு போடுவீர்கள், எப்படி ஆறவைப்பீர்கள் என்ற இரண்டையும் கேளுங்கள். தெளிவான பதில் சொல்பவரிடம் மட்டும் வேலையைக் கொடுங்கள்.