பாரவண்டிக்குப் பிரேக்குக் கட்டை செய்துகொள்ளும் முறை

ஏரிக்கரை போன்ற மேட்டிலிருந்து பாரவண்டி இறங்கும்பொழுது, மாடுகளுக்கு வண்டியை இழுக்கும் வேலை இல்லை. அதனைத் தடுத்து நிறுத்தும் வேலையே ஏற்படுகின்றது. 20 அடிக்கு 1 அடி தாழும் சரிவில், பாரத்தோடு 1,000 கிலோ எடையுள்ள வண்டி ஏறக்குறைய 50 கிலோ விசையுடன் முன்தள்ளும். பாதையின் உராய்வினால் ஒரு பகுதி குறையுமாயினும், பிரேக்கு இல்லையேல் எஞ்சியதை மாடுகளே ஏற்கவேண்டும். நுகம் திமிலை விட்டு நழுவிக் கொம்படியை நெருக்கும். பூட்டாங்கயிறு கழுத்தில் இறுகும். ஆகையால் தேய்ந்த கட்டையுடன் காலந்தள்ளுவது சிக்கனமாகாது.

கருவேலங்கட்டை நெடுநாள் உழைக்குமென்று அதனையே பொருத்துவோர் உண்டு. உழைக்கும் என்பது மெய்தான். ஆனால் விரைவில் முகம் பளபளப்பேறி வழுக்கத் தொடங்கும். தேய வேண்டியது கட்டையேயன்றிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை அன்று. நன்கு உலர்ந்த, கணுவில்லாத மாமரத்துண்டு இதற்குப் போதுமானது.

கட்டை சுமார் 10 அங்குல நீளமும் 3 அங்குலக் கனமும், பட்டையைவிடச் சிறிது கூடிய அகலமும் உடையதாயிருக்கட்டும். மரத்தின் நார் நீளவாட்டில் ஓடவேண்டும். அதனைச் சக்கரத்தின் பக்கத்தில் வைத்து, வளைவைக் கரியால் வரைந்து, வாச்சியாலும் உளியாலும் செதுக்குக. பின்னர் பட்டையின்மேல் சுண்ணாம்பு தடவிக் கட்டையை அழுத்தினால், மேடான இடங்களில் மட்டும் வெள்ளை ஒட்டும், அவ்விடங்களைச் சீவுக. முகம் முழுவதும் வெள்ளை படியும்வரை இவ்வாறு செய்தல் அவசியம். அவசரக்காரர் விட்டுவிடுவது இதனையே. பாதி முகம் மட்டும் தொடும் கட்டை விரைவில் கருகும்.

மரையாணிக்குத் துறப்பணத்தால் துளையிட்டு, ஆணித்தலை முகத்திலிருந்து 1 அங்குலமாவது உள்ளடங்கும்படி குடைந்து இறுக்குக. தேய்மானம் ஆணித்தலையை நெருங்கியதும் கட்டையை மாற்றவேண்டும். தாமதித்தால் ஆணி பட்டையைக் கீறும். இரு புறக் கட்டைகளையும் ஒரே மரத்தில் செய்து ஒரே நாளில் மாற்றுதல் நலம். இல்லாவிடில் வண்டி ஒரு பக்கம் இழுக்க, ஒரு மாடு கூடுதலாக வருந்தும்.

அச்சிலிடும் மசகு பட்டையில் படலாகாது. மழைநாளில், சரிவு தொடங்குமுன்பே பிரேக்கை இலேசாகப் பிடித்து ஈரத்தைப் போக்குக. சக்கரம் உருளாது இழுபடும்படி இறுக்குவதும் தவறு. பட்டை ஓரிடத்திலேயே தேய்ந்துவிடும். நீண்ட இறக்கத்தில் புகை வாசனை கண்டால், சக்கரத்துக்குக் கல் அணைத்து வண்டியை நிறுத்தி ஆறவிடுக. சூடேறிய பட்டை விரிந்து வட்டையைவிட்டுத் தளரக்கூடும்.

இம்முறை இரும்புப் பட்டை போட்ட வண்டிக்கே உரியது. ரப்பர் டயரின்மேல் கட்டை உராய்ந்தால் டயர் பாழாகும். டிராக்டர், டிரெயிலர்களின் பிரேக்கு மிகுந்த சூட்டைத் தாங்கவேண்டியதாகையால், அவற்றிற்குரிய தொழிற்சாலை லைனிங்கையே பொருத்தவேண்டும். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் முதலியவற்றை விளைவிக்குமாதலால், அவற்றை அரத்தால் ராவுவதும், தூசியை வாயால் ஊதுவதும் கூடா.