ரோடியோ காளை ஏன் துள்ளுகிறது?

அமெரிக்க ரோடியோவின் காளைச் சவாரிப் போட்டியில் வீரர் ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி 8 விநாடி காளையின் முதுகில் தாக்குப்பிடிக்க வேண்டும். 100 மதிப்பெண்ணில் பாதி காளையின் துள்ளலுக்கே. விதைப்பையை இறுக்கிக் கட்டுவதால்தான் அது துள்ளுகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. வீரர் பிடிக்கும் கயிறு தவிர காளைக்குக் கட்டும் இடுப்புக்கயிறு, பின்னங்கால்களுக்கு முன்னால், அடிவயிற்றைச் சுற்றித்தான் வருகிறது. அது உறுத்துவது உண்மை. அதை உதறவே காளை பின்னங்கால்களை இன்னும் உயரமாக வீசுகிறது. ஆனால் அதே கயிற்றைக் கட்டினாலும் எல்லா மாடும் அப்படித் துள்ளிவிடாது. வேறுபாட்டுக்குப் பரம்பரையும் ஒரு காரணம். அதனால்தான் வளர்ப்பவர்கள் டி.என்.ஏ. சோதனையால் தாய், தந்தை இரண்டையும் உறுதிசெய்து பதிவேடு வைக்கிறார்கள். இளங்காளையின் முதுகில் ஆளுக்குப் பதிலாக ஒரு சிறு பெட்டியைக் கட்டி, சில விநாடி துள்ளவிட்டு, ரிமோட்டை அழுத்திக் கழற்றிவிடுகிறார்கள். நன்றாகத் துள்ளினால் உடனே பாரம் இறங்கிவிடும் என்று கன்றுப் பருவம் தாண்டியதுமே காளை கற்றுக்கொள்கிறது. 2011, 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்ற புஷ்வாக்கர் என்ற காளை இப்படித் தேர்ந்தெடுத்த வம்சத்தில் வந்ததுதான்.

பிறவிக் குணம் என்றால் கொடுமையே இல்லையா என்று கேட்கலாம். அப்படிச் சொல்லிவிட முடியாது. பல நூறு கிலோ உடல் சுழன்றபடி தரையில் இறங்கும்போது கால் எலும்பு முறியலாம். எந்த வம்சமும் அதைத் தடுக்காது. கயிற்றை விட்டுவிட்டு இந்தக் காயங்களைப் பற்றித்தான் நாம் கேள்வி கேட்க வேண்டும்.