பட்டுப்போச்சுன்னு நான் பிடுங்கிய கீரை



மகள் வீட்டுக்குப் போன இடத்தில் நான் செய்த ஒரு தப்பையும், அதனால் நான் கற்றுக்கொண்ட கீரைப் பாடத்தையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம்.

2022 அக்டோபரில் மகளின் பிரசவத்துக்காக லண்டன் போனேன். ஊரின் கிழக்குப் பக்கம், இல்ஃபோர்டில் வீடு. கொல்லையில் சின்னதாக ஒரு தோட்டம். அதில் இரண்டே பாத்தி. ஜூலைக் கடைசியில், ஐந்து மாத வயிற்றோடு, அவளே கொத்தி விதை போட்டாளாம். "ஆடிப்பட்டம் தேடி விதைன்னு நீதானேம்மா சொல்வே!" என்று பெருமையாகக் காட்டினாள்.

ஒரு பாத்தியில் கேல் கீரை. முட்டைக்கோஸ் இனம்தான். ஆனால் உருண்டை கட்டாது. ஓரமெல்லாம் சுருள் சுருளாக இலையாகவே நிற்கும். இன்னொரு பாத்தியில் பெர்பெச்சுவல் ஸ்பினாச் என்று ஒன்று. பெயர்தான் ஸ்பினாச்; உண்மையில் பீட்ரூட் இனம். கிழங்கு வைக்காது, இலைக்காகவே வளர்ப்பார்கள். நாம் பாலக் என்று வாங்குகிறோமே, அதற்கு நெருங்கிய சொந்தம். ருசியும் கிட்டத்தட்ட அதேதான்.

நவம்பர் கடைசியில் பேரன் பிறந்தான். டிசம்பர் இரண்டாவது வாரம் அங்கே பயங்கர உறைபனி. ஒரு நாள் காலையில் கதவைத் திறந்து பார்க்கிறேன், கீரைப் பாத்தி முழுவதும் வெந்நீரைக் கொட்டியதுபோல் தரையோடு படுத்துக் கிடக்கிறது. இலையெல்லாம் கறுத்துப்போய்க் கண்ணாடிமாதிரி மின்னுகிறது. 'சரி, பட்டுப்போச்சு. குழந்தை பிறந்த வீட்டில் செத்த செடி எதுக்கு?' என்று நினைத்து, கையுறையை மாட்டிக்கொண்டு வேரோடு பிடுங்க ஆரம்பித்துவிட்டேன். பதினாறு செடியில் ஒன்பது போனது.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "நோ, நோ!" என்று சத்தம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி. இரண்டு கையையும் கன்னத்தில் வைத்து, தூங்குவதுபோல் சாடை காட்டினார். செத்துப்போகவில்லை, தூங்குகிறதாம்! எனக்கு நம்பிக்கையே வரவில்லை. ஆனாலும் கையை எடுத்துவிட்டேன். மத்தியானம் கொஞ்சம் வெயில் வந்தது. எட்டிப் பார்த்தால், மிச்சமிருந்த ஏழு செடியும் நிமிர்ந்து நிற்கின்றன! நான் பிடுங்கிய ஒன்பதும் மூலையில் குப்பையாகக் கிடக்கின்றன.

மகள் பார்த்ததும் அழுதுவிட்டாள். "பட்டுப்போன கீரைக்கா இவ்வளவு அழுகை?" என்று நான் வேறு வாயை விட்டேன். அப்போதுதான் அவள் மனசில் இருந்தது வெளியே வந்தது.

"சமையல்கட்டுல டப்பாவையெல்லாம் மாத்தி வெச்சே, சும்மா இருந்தேன். குழந்தையைக் குளிப்பாட்டறது, தூங்க வைக்கறது எல்லாம் உன் இஷ்டம்தான். இந்த வீட்ல நானா செஞ்சது இந்தக் கீரை ஒண்ணுதாம்மா. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

எனக்குச் சுருக்கென்றது. உதவிக்கு வந்தோம் என்ற நினைப்பில், அவள் குடித்தனத்தையே நான் நடத்திக்கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இரண்டு நாள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. 11-ம் தேதி ராத்திரி பனி கொட்டி, பாத்தியே தெரியாமல் மூடிவிட்டது. மீதி ஏழும் போச்சு என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பனி உருகியதும் பார்த்தால், செடிகள் கெட்டியாக உயிரோடு இருக்கின்றன!

இது எப்படி என்று பக்கத்து வீட்டுப் பாட்டியும் மகளும் சொன்னதைச் சொல்கிறேன். குளிர் ஏற ஏற, இந்தச் செடிகள் இலைக்குள் சர்க்கரைச் சத்தைக் கூட்டிக்கொள்ளும். சர்க்கரைத் தண்ணீர் வெறும் தண்ணீர்போலச் சட்டென்று உறையாது இல்லையா, அதுதான் செடிக்குக் காப்பு. அதனாலேயே பனி பட்ட கேல் கீரை தித்திப்பாக இருக்கும். டிசம்பரில் அங்கே பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. அதனால் செடி வளராது. சும்மா உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிப்ரவரியில் பகல் பத்து மணி நேரத்தைத் தாண்டியதும் நடுக்குருத்து துளிர்க்கும்.

அந்தப் பிப்ரவரிக் கடைசியில் ஒரு வேடிக்கை. ஸ்பெயினிலும் மொராக்கோவிலும் விளைச்சல் கெட்டுப்போய், லண்டனின் பெரிய கடைகளிலேயே தக்காளி, வெள்ளரி, குடமிளகாய் ஆளுக்கு மூன்றுதான் என்று கட்டுப்பாடு போட்டார்கள்! தமிழ்க் கடையில் முருங்கைக்கீரை கிடைத்தாலும் யானை விலை. பால் கொடுக்கிற பெண்ணுக்குக் கீரை வேண்டுமே என்று கொல்லைக் கதவைத் திறந்தேன். ஏழு செடியிலும் பளபளவென்று புது இலை!

கத்தியோடு போய்விட்டு, பாதியில் திரும்பி வந்து, "பறிக்கட்டுமா?" என்று மகளிடம் கேட்டேன். "இதுக்கும் கேப்பியாம்மா?" என்று சிரித்தாள். "இனிமே எல்லாத்துக்கும் கேப்பேன்" என்றேன். அதுதான் நான் கேட்ட மன்னிப்பு. அவளுக்கும் புரிந்துவிட்டது. குழந்தையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு அவளும் கூடவே வந்தாள்.

அவள் சொல்லிக்கொடுத்த பறிக்கும் பக்குவம் இதுதான்:

உறைபனி இருக்கும்போது இலையைத் தொடக்கூடாது. பறித்தால் கொழகொழவென்று ஆகிவிடும். வெயில் ஏறி இலை நிமிர்ந்த பிறகே பறிக்க வேண்டும்.

குளிரில் பழுத்துக் கிழிந்த அடி இலைகளை முதலில் எடுத்துவிட வேண்டும். அதன் அடியில்தான் நத்தை ஒளிந்துகொண்டிருக்கும்.

பிறகு வெளிச்சுற்று நல்ல இலைகளை மட்டும் காம்போடு எடுக்க வேண்டும். நடுக்குருத்தையும் அதைச் சுற்றி நாலைந்து இலையையும் விட்டுவிட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை பறித்தோம்; திரும்பத் திரும்பத் துளிர்த்தது.

வெயில் ஏற ஏறச் செடி பூத்தண்டு விடும். அப்புறம் இலை சிறுத்துக் கசந்துவிடும். அதற்கு முன்பே ஆசை தீரப் பறித்துச் சாப்பிட்டுவிட வேண்டும். கேல் விடும் பூத்தண்டை மட்டும் வீணாக்க வேண்டாம். பூ விரிவதற்கு முன் ஒடித்து வதக்கினால் தனி ருசி.

ஸ்பினாச்சைப் பூண்டு, சீரகம் போட்டு மசித்தேன். கேலில் தடித்த நடுநரம்பை உருவிவிட்டுப் பொடியாக நறுக்கி, பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்துப் பொரியல். வேகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். முதல் பறிப்பில் ஒரு கட்டு பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள் மகள். அவர் தடுத்திருக்காவிட்டால் இந்த ஏழும் ஏது?

ஏப்ரலில் ஊர் திரும்பிவிட்டேன். நம்ம ஊரில் சிறுகீரையை வேரோடு பிடுங்கியே எனக்குக் கை பழகிவிட்டது. இப்போது மாடித் தொட்டியில் பாலக் வைத்திருக்கிறேன். அரைக்கீரையை அறுத்தறுத்து எடுக்கிறோமே, அதுபோல இதில் வெளி இலையை மட்டும் கிள்ளிக் கிள்ளி எடுக்கிறேன். ஒரே விதைப்பில் பல தடவை கிடைக்கிறது. நீங்களும் செய்து பாருங்கள்.

பிரசவம் பார்க்க மகள் வீட்டுக்கோ மருமகள் வீட்டுக்கோ போகிற அம்மாக்களுக்கு இன்னொரு வார்த்தை. அங்கே நமக்கு உதவாததுபோலத் தெரிகிற எதையும் கேட்காமல் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். அது அவள் ஆசையாக விதைத்ததாக இருக்கும்.

– ஒரு வாசகி, கும்பகோணம்